சம்பந்தி வீட்டுக்கு முதல் டிஸ்க்

சாரம், புதுச்சேரி
ஐப்பசி 12, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, வீராம்பட்டினம் கன்னியப்பன் அவர்களுக்கு,

சாரம் சுப்பராயன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி செல்வாம்பாளும் சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளை செல்வகுமாரும், எங்கள் மகளும் இப்போது தங்கள் மருமகளுமான பாக்யலட்சுமியும் சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். புயல் சின்னம் காரணமாகக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். படகு, வலை, இன்ஜின் எல்லாம் மேட்டில் ஏறியிருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி வருவது வேறு.

தங்கள் அண்ணன் காலஞ்சென்ற கோவிந்தராசு அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாள் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வருகிறது. தெரு முனையில் வைக்கும் பேனருக்காக, நம் பிள்ளைகள் கல்யாணத்தில் எடுத்த படங்களிலிருந்து அவர் சிரிக்கும் படம் ஒன்று வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன் போனில் கேட்டீர்கள். நானும் "நாளைக்கே அனுப்புறேன் சம்பந்தி" என்றேன். மறுநாள் கேட்டபோது கரண்ட் இல்லை என்றேன். அடுத்த வாரம் கேட்டபோது நெட் இல்லை என்றேன். தீபாவளி முடிந்து கேட்டபோது எனக்கே உடம்பு சரியில்லை என்றேன். கரண்டும் இருந்தது, நெட்டும் இருந்தது, என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. படம்தான் இல்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதைச் சொல்ல ஐந்து பக்கம் வேண்டும், அதனால் தாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிப்பது நல்லது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் ஆரம்பித்தால் தாங்கள் பாதியிலேயே "பரவால்ல வுடுங்க சம்பந்தி" என்று வைத்துவிடுவீர்கள். அந்தப் "பரவால்ல"வுக்கு என்ன அர்த்தம் என்று நானும் செல்வாம்பாளும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. துக்க வருஷம் என்பதால் தங்கள் வீட்டில் இந்தத் தீபாவளிக்குப் பலகாரச் சட்டி வைக்கவில்லை, நாங்கள் அதிரசமும் முறுக்கும் டப்பாவில் கொடுத்தனுப்பினோம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு வெற்றிலைகூட இல்லாமல். "துக்க வூட்லேர்ந்து எதுவும் போட்டு அனுப்ப மாட்டாங்க" என்று நான் சொல்கிறேன். "அதெல்லாம் இல்ல. போட்டோ விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் டப்பாவ இப்டி தொடச்சிருக்காங்க" என்று செல்வாம்பாள் சொல்கிறாள். மகள் தங்கள் வீட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்தப் படம் போனதற்காக அவள் அங்கே ஒரு வார்த்தையும் கேட்டுவிடக் கூடாது, எங்கள் கவலை முழுக்க அதுதான். தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது. அதுவும் தங்கள் மேல் நான் வைத்த மரியாதையால் வந்த தப்பு.

நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. பெண் பார்க்க வந்த அன்றே நான் மூன்று முறை சொன்னதாகச் செல்வாம்பாள் சொல்கிறாள். கல்யாணம் முடிந்ததும் ஸ்டுடியோக்காரர் ஒரு சின்ன டிஸ்க்கில் எல்லாப் படங்களையும் போட்டுக் கொடுத்து, "இதுல எரநூறு படம் செலக்ட் பண்ணிக் குடுங்க, ஆல்பம் போட்டுடலாம்" என்றாரல்லவா. மொத்தம் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு படம். தங்கள் பக்கம் நூற்றெண்பது தேர்ந்தெடுத்தீர்கள், எங்கள் பக்கம் நூற்றெழுபது. இரண்டும் சேர்ந்தால் முன்னூற்றைம்பது. யார் எதை விடுவது என்று கேட்க இரண்டு தரப்புக்கும் வாய் வரவில்லை. "நீங்க சொல்லுங்க சம்பந்தி", "இல்ல நீங்களே சொல்லுங்க" என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆல்பம் இன்றுவரை போடவில்லை. ஆகவே கல்யாணம் முழுக்க அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

இந்த நிலையில் போன வைகாசியில் மகன் சிலம்பரசன் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். பார்க்க ரொட்டி சுடும் பெட்டி மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் பேக்கப் சர்வர். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் போதும், எங்கள் போன், பழைய லேப்டாப், அவன் பெங்களூரில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருப்பதை அதுவே இழுத்து நகல் வைத்துக்கொள்ளும். பெட்டியில் வரிசையாக நாலு டிஸ்க் மாட்ட இடம் இருந்தது. அவன் வாங்கிவந்தது ஒரு புது டிஸ்க், நாலு டெரா கொள்ளளவு. இன்னொன்று ரெண்டு டெரா, தட்டாஞ்சாவடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் ஜலால் பாயிடம் பழசாகக் கிடைத்தது. அது ஆறு வருஷம் ஒரு கடையின் கண்காணிப்புக் கேமராவில் ஓடிய டிஸ்க். சிலம்பரசன் ஊருக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ப்பா, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சரக்க வையி. ஒண்ணு பூட்டா இன்னொண்ணு இருக்கும். அத மட்டும் மறக்காத. மத்தபடி எத எங்க வைக்கிறதுன்னு லேஅவுட்டு நீயே போட்டுக்க, உனக்குத் தெரியாததா."

கடைசியில் சொன்னதுதான் எனக்குக் காதில் விழுந்தது. ரிட்டையர் ஆகி நாலு வருஷம் கழித்து ஒருவன் வந்து லேஅவுட் போடு என்கிறான். அன்றைக்கே சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டிலும் ஒரே சரக்கு என்ற யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளினேன். ஒரே பேரிங் இரண்டு ரேக்கில் இருப்பதை ஆடிட்டர் பார்த்தால் அவர் பேரிங்கைப் பார்க்க மாட்டார், ஸ்டோர் கீப்பரைத்தான் பார்ப்பார். ஒரு பொருளுக்கு ஒரு இடம் என்று முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான். மேலும் நாலும் ரெண்டும் ஆறு. மகன் சொல்வது மாதிரி ஒன்றுக்கொன்று நகலாக வைத்தால் சின்ன டிஸ்க்கின் அளவுதான் கணக்கு, ஆறில் ரெண்டுதான் நம் கையில் நிற்கும், நாலு வீண். அந்தக் கம்பெனியில் நாலு போல்ட் வீணானதற்கே நான் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இவை இரண்டும் தொழில் காரணம். மூன்றாவது காரணம்தான் தாங்கள். தங்கள் வீட்டாரை எங்கள் வீட்டாரோடு கலந்து, போதாக்குறைக்கு ஒரு பிரதியை யாரோ ஆறு வருஷம் ஓட்டித் தேய்த்த பழைய டிஸ்க்கில் வைப்பதா? சம்பந்தி வீட்டாருக்குப் பழைய பாயை விரிப்பார்களா? கல்யாணத்தில் தங்களுக்கு முதல் பந்தி, முதல் இலை, தங்க வைத்த இடத்தில் ஏசி. கம்ப்யூட்டருக்குள் போனதும் அந்த மரியாதை குறைந்துவிட வேண்டுமா? ஆகவே லேஅவுட் இப்படி முடிவானது: புது டிஸ்க், முதல் இடம், சம்பந்தி வீடு. பழைய டிஸ்க், இரண்டாம் இடம், நம் வீடு. சார்ட்டைச் சுவரில் ஒட்டினேன். செல்வாம்பாள் வந்து பார்த்து, "கம்ப்யூட்டர் உள்ளயும் பந்தி போடுறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு பிரிக்கும் வேலை. நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று பிரிக்க இரண்டு மாதம் ஆனது. இதில் வந்த சிக்கல்களைத் தங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பாக்யாவை எந்தப் பக்கம் வைப்பது? தாலி ஏறுவதற்கு முன் எடுத்தவை எங்கள் பக்கம், ஏறிய பின் எடுத்தவை தங்கள் பக்கம் என்று வைத்தேன். தாலி கட்டும்போதே எடுத்த படம் பதினேழு இருந்தது. இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் நாத்தனார் போட்டதால் பதினேழும் தங்கள் பக்கம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்கள்? அதைப் போய்ப் பங்கு பிரிப்பது அழகல்ல, எல்லாம் தங்கள் பக்கம். தங்கள் வீட்டார் ஒருவருடைய முதுகு தெரிந்தாலும் அது தங்கள் பக்கம். தங்கள் ஊர்க்காரர் ஒருவரின் செருப்பு மட்டும் தெரிந்த படம் ஒன்று இருந்தது, அதையும் தங்கள் பக்கமே சேர்த்தேன். முடிவில் தங்களுக்கு மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு. எங்களுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது, அதில் பாதி சமையல்கட்டு. எங்கள் டிஸ்க்கில் மீதி இருந்த இடத்தில் என் போனும், செல்வாம்பாளுக்குத் தினமும் வரும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களும் ஏறின. சரக்கு இறக்கியானதும் காலி டிரம்மைத் திருப்பிக் கொடுப்பது ஸ்டோர் வழக்கம். ஸ்டுடியோக்காரரின் சின்ன டிஸ்க்கை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிவந்தேன். அவர் அதைத் துடைத்துவிட்டு வேறு கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். கையெழுத்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆடியும் ஆவணியும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்கு லேத் முதல் எடைத் தராசு வரை ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூ போட்டவன் நான். வீட்டில் இருக்கும் ஒரே மிஷின் இந்தப் பெட்டி. மிக்ஸியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டியைத் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து, ஒரு கை துளுக்கச்சாமந்தியை மேலே போட்டு, பின்னால் காற்றாடி இருக்கும் பக்கம் ஒரு சரத்தைச் சுற்றினேன். இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தேன். எங்களுடையதற்குச் சின்னதாக ஒன்று. தங்களுடையதற்கு, சம்பந்தி வீடாயிற்றே என்று, முகப்பு முழுக்க மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். அந்த முகப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவை காற்று போவதற்காக வைத்தவை என்று பின்னால் ஜலால் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று இருந்தேன்.

இரண்டாம் நாள் வீட்டில் எங்கிருந்தோ பீப் பீப் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பக்கிரியின் இன்வர்ட்டர்தான் என்று போய்ச் சொன்னேன். அவர் முறைத்துக்கொண்டே இன்வர்ட்டரை அணைத்துக் காட்டினார், சத்தம் நிற்கவில்லை. இன்றுவரை என்னிடம் பேசவில்லை. பிறகு சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்தோம். பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தோம். மூன்றாம் நாள்தான் பெட்டி கத்துகிறது என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்து என்ன செய்தோம் என்றால், செல்வாம்பாள் அதன் மேல் ஒரு டர்க்கி டவலை நாலாக மடித்துப் போட்டாள். சத்தம் குறைந்தது. "பாத்தீங்களா, இவ்ளோதான் விஷயம்" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஐந்தாம் நாள் பிற்பகல் சத்தம் தானாக நின்றது. இரண்டு பேரும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினோம். எழுந்து டவலை எடுத்துப் பார்த்தால் பெட்டி தோசைக்கல் மாதிரி சுடுகிறது, காற்றாடியில் சாமந்தி இதழ் சிக்கி நிற்கிறது, முதல் இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. தங்கள் போன் வந்தது அதற்கு மறுநாள் காலை.

ஜலால் பாய் வந்து பெட்டியை அணைத்தார். முதல் இடத்து டிஸ்க்கைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தார். சந்தனம் இன்னும் மணந்துகொண்டிருந்தது. "நான் வந்து சொல்ற வரைக்கும் பெட்டிய ஆன் பண்ணாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனவர், தங்கை மகள் நிக்காஹுக்குக் காரைக்கால் போய்விட்டார். அந்த நாட்களில்தான் எனக்குக் கரண்டும் நெட்டும் உடம்பும் ஒவ்வொன்றாகக் கெட்டது. நேற்று முன்தினம் அவர் கடைக்குப் போனேன். டிஸ்க்கைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, அதில் வட்டமாக ஒரு கீறல். "தட்டுலயே கோடு வுழுந்திருக்கு சார். மூணு நாளா சூட்டுல தேச்சிக்கினே இருந்திருக்கு. இத எந்த ஊருக்கு எடுத்துக்கினு போனாலும் வராது" என்றார். பாய், அது எங்கள் சம்பந்தி வீட்டு டிஸ்க் என்று சொன்னேன். "டிஸ்க்குக்கு அது தெரியாது சார்" என்றார். அந்தப் பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். "அது ஆறு வருஷம் தகர ஷீட் கீழ வெந்ததுங்க. உங்க சந்தனத்துக்கெல்லாம் அசையாது" என்றார்.

ஆக நிலவரம் இது. தங்கள் பக்கம் மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டும் போய்விட்டது. எங்கள் பக்கம் ஆயிரத்து நூற்று நாற்பதும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. இதை வெளியாள் யாராவது கேட்டால் என்ன சொல்வார்? பெண் வீட்டார் தங்கள் ஆட்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றுதானே சொல்வார். நான் தங்களுக்கு உயர்ந்ததைக் கொடுத்துவிட்டு மட்டமானதை எடுத்துக்கொண்டேன் என்பதற்குச் சாட்சி சுவரில் ஒட்டிய சார்ட் மட்டும்தான். அதைக் கிழியாமல் உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கோவிந்தராசு அண்ணனின் வேறு படம் கிடைக்குமா என்றும் விசாரித்தேன். தங்கள் வீட்டில் இருப்பது ஆதார் அட்டைப் படம் மட்டும்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அதில் அண்ணன் கோபமாக இருக்கிறார். அவர் கோபப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மரியாதையில் என்னை எப்போதும் "முசே" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் படத்தைப் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கித் தெரு முனையில் வைத்தால் தெரியாதவர்கள் அவரைத் தப்பாக நினைப்பார்கள். இதை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது சம்பந்தி.

எனக்குத் தோன்றிய ஒரே பரிகாரத்தைச் சொல்கிறேன். கணக்கு சமமாக வேண்டுமானால் எங்கள் பக்கப் படங்களையும் நானே அழித்துவிடுகிறேன். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. செல்வாம்பாளிடம் கேட்டேன். "அழிச்சா அழிங்க. நான் எந்தப் படத்துலதான் கண்ணத் தொறந்துக்கினு இருக்கேன்" என்றாள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே செய்துவிடுவேன். மற்றபடி யோசித்துப் பார்த்தால், படம் என்பது என்ன? வெறும் வெளிச்சமும் நிழலும். மனிதர்கள் மனதில் இருக்கிறார்கள். மனதில் இருப்பதை எந்தச் சூடும் அழிக்காது. இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தாங்கள் ஆறுதல் அடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தேவையானால் நானே வீராம்பட்டினம் வந்து நாலு பெரியவர்கள் முன்னால் நின்று சொல்லவும் தயார். பாக்யாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வரும் ஞாயிறு அவள் இங்கே வரும்போது இந்த உறையை ஒட்டித்தான் கொடுத்தனுப்புகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு. புயல் ஓய்ந்து படகுகள் போகும் இடத்திலிருந்து நல்லபடி திரும்பட்டும், வலை நிறையட்டும். டப்பாவைப் பற்றி எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
சுப்பராயன்

பின்குறிப்பு (ஐப்பசி 16, ஞாயிறு): மேலே எழுதியது எல்லாம் ரத்து. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். செல்வாம்பாள் விடவில்லை. "மன்னிப்பு கேட்டது கேட்டதாவே இருக்கட்டும், அடுத்த தப்புக்கு ஆவும்" என்றாள். இன்று பாக்யா வந்ததும் "பெட்டி ஏன் ஆஃப்ல கெடக்கு" என்று கேட்டபடியே சுவிட்சைப் போட்டுவிட்டாள். தொடாதீர்கள் என்ற ஜலால் பாய், இனித் தொடலாம் என்று சொல்ல மறந்திருக்கிறார், நானும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவள், "அப்பா, பெரிய மாமா படமெல்லாம் இங்கதான இருக்கு" என்றாள். அந்தப் பெட்டி டிஸ்க்குகளைப் பூஜ்யம், ஒன்று என்று எண்ணுகிறது. எங்கள் ஸ்டோரில் பூஜ்யம் என்று ஒரு ரேக்கே கிடையாது. வைகாசியில் இதைப் பார்த்தபோது, பூஜ்யம் என்பது மிச்சசொச்சம் போடும் இடம் என்று நினைத்து எங்கள் வீட்டை அதில் போட்டுவிட்டு, தங்கள் வீட்டை ஒன்றாம் எண்ணில் வைத்தேன். பெட்டிக்குப் பூஜ்யம்தான் முதல் இடமாம், புது டிஸ்க் அதுதான். ஒன்றாம் எண் என்பது இரண்டாவது இடத்தில் இருந்த பழைய டிஸ்க். பக்கத்திலேயே அளவும் போட்டிருந்ததாம், நான் இலக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே தங்களைப் பழைய பாயில் உட்கார வைத்ததற்கும், நாங்கள் ஐந்து மாதமாகப் புதுப் பாயில் உட்கார்ந்திருந்ததற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டார் மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு படமும், அந்தச் செருப்பு உட்பட, நலம். போனது எங்கள் பக்கம். நலங்கு, பாக்யா தாலி ஏறும் வரை எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்த படங்கள், சமையல்கட்டு, எல்லாம். வேலை நேரத்தில் கையில் போன் கூடாது என்று கல்யாணத்தன்று நான்தான் எங்கள் ஆட்களின் போன்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன், அதனால் வேறு வழியும் இல்லை. மனதில் இருப்பதை எந்தச் சூடும் அழிக்காது என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

அண்ணன் படத்தைப் பென் டிரைவில் போட்டு பாக்யாவிடம் கொடுத்திருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து, தலையைத் திருப்பி, வாய் நிறையச் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். "முசே, நீயும் உன் வூட்டம்மாவும் எப்ப சாப்டுவீங்க, நாளைக்கா?" என்று கேட்டார். தங்கள் பக்கத்திலிருந்து எங்களை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் பாயச வாளியோடு நான் நிற்கிறேன். இன்னும் ஒரு கரண்டி போடுங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டு செல்வாம்பாள் நிற்கிறாள். அவள் கண்ணும் திறந்திருக்கிறது. பேனர்காரர் எங்களை வெட்டிவிட்டு மேகமும் வெளிச்சமும் வைப்பார், அது அப்படித்தான் இருக்க வேண்டும். வெட்டாத படம் ஒன்று தங்கள் வீட்டிலும் இருக்கட்டும் சம்பந்தி. மூவாயிரத்து நானூற்று எழுபத்திரண்டையும் இன்று இரண்டு தடவை பார்த்துவிட்டோம், மகள் கல்யாணத்தில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நிற்பது அது ஒன்றில்தான்.